ஒரே சாலை, மூன்று குரல்!

இசைப் பிரியர் ஒருவர் குடியிருக்க ஏற்ற ஊர் எது? சென்னையா? தஞ்சாவூரா? "இல்லை, கிருஷ்ணன்கோவில்!" என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் சற்றுக் கேளுங்கள்.

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் பெரிய சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. ஒரு பக்கம் போனால் மதுரை. மறுபக்கம் சிறிது தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். பிறகு ராஜபாளையம், தென்காசி, மலையடிவாரத்தில் செங்கோட்டை. "உமக்குப் பிடித்த இசைத்தட்டு எது?" என்று கேட்டால், இந்தச் சாலையை விட்டு இறங்காமலே மூன்று தட்டுகளைச் சொல்லிவிடலாம்!

மதுரைச் சிறுமி

எம். எஸ். சுப்புலட்சுமி 1916-ல் மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு வீணை வாசிப்பவர். முதல் இசைத்தட்டில் பாடியபோது எம். எஸ்.ஸுக்கு வயது பத்துதான்!

1963-ல் அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாதம் தட்டாக வந்தது. கிராமபோன் வாங்க வசதி இல்லாதவர்களும் அதைக் கேட்டார்கள். எங்கே? டீக்கடையில், கோவில் ஒலிபெருக்கியில். வாசல் தெளிக்கும் பெண்ணுக்கும், வயலுக்குப் புறப்படும் உழவருக்கும் அந்தக் குரல்தான் பொழுது விடிந்ததற்கு அடையாளம்.

ஆண்டாள் பாட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் பிறந்த ஊர். அவர் பாடிய திருப்பாவையில் 30 பாசுரங்கள். அத்தனைக்கும் ராகம் அமைத்துப் பாடியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ராகங்களை வைத்தார். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளும் இதே ஐந்து ராகங்கள்; இதே வரிசை!

அந்தத் திருப்பாவையை எம். எல். வசந்தகுமாரி பாட, இசைத்தட்டு வெளிவந்தது. மார்கழிக் குளிரில் அதைக் கேட்டுக் கேட்டே, எழுத்து வாசனை அறியாத பாட்டிமாரும் பாசுரங்களை மனப்பாடம் செய்தார்கள்.

செங்கோட்டைச் சிங்கம்

மூன்றாவது தட்டு எஸ். ஜி. கிட்டப்பாவுடையது. 1906-ல் செங்கோட்டையில் பிறந்தவர். சிறு வயதிலேயே நாடக மேடை ஏறினார். அன்று மைக் கிடையாது. தரை டிக்கெட்டில் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். கிட்டப்பாவின் குரல் கணீரென்று எட்டும்!

கொடுமுடியில் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அவருடன் மேடையில் இணைந்தார், வாழ்க்கையிலும் இணைந்தார். ஆனால் விதி விடவில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானார். வயது 27! சுந்தராம்பாளுக்கு அப்போது 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் 1980-ல் கண்மூடும் வரை மாற்றவில்லை.

பேசும் படத்தில் கிட்டப்பாவைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை. மிஞ்சியவை இசைத்தட்டுகளே. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமும்தான். விடிய விடியப் பாடியவரின் குரலில் நம்மிடம் தங்கியது அவ்வளவே!

பரணில் தூங்கும் குரல்

அந்தப் பழைய தட்டு அரக்கு கலந்து செய்தது. கைதவறினால் உடைந்துபோகும். ஊசி பட்டுப் பட்டுக் கீறல் விழும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர் மறைந்ததும், அவர் ஆசை ஆசையாய்ச் சேர்த்த தட்டுகள் பழைய சாமான்காரரின் சாக்குக்குள் போய்விடுகின்றன.

இன்று கிருஷ்ணன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கும் கல்லூரி மாணவர், தம் செல்போனிலேயே கிட்டப்பாவைக் கேட்கலாம். எப்படி வந்தது அந்தப் பாட்டு? யாரோ ஒரு ரசிகர் தம் தட்டை எறியாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அதனால் வந்தது!

உங்கள் வீட்டுப் பரணிலும் தட்டுகள் இருக்கலாம். இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மெல்லிய துணியால் துடையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படவேண்டாம். பிறகு தாத்தாவையோ பாட்டியையோ அருகில் அழைத்து உட்கார வைத்து, "இதில் உங்களுக்குப் பிடித்தது எது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதித் தட்டுடன் வையுங்கள். அதைச் சொல்ல அவர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?