பூவும் மாத்திரையும்

கூட்டேரிப்பட்டுச் சாலையோரத்தில் ஆவாரம்பூப் பொடி வாங்குவோர், அது சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தையும் காக்கும் என நம்புகின்றனர். தாவரத்தில் மருந்து உண்டு என்பது பொய்யன்று.

1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் பிரித்தெடுக்கப்பட்டது. வடிகட்டிய சர்க்கரையைச் சிறுநீரகம் மீண்டும் உறிஞ்சாமல் தடுப்பது அதன் இயல்பு. ஆனால், குடலிலேயே சிதைந்துவிடும் அதை மாத்திரையாக்க இயலவில்லை. அதன் அமைப்பைத் திருத்திப் பிறந்த டாபாகிளிஃப்ளோசின், சிறுநீரகச் செயலிழப்பைத் தாமதப்படுத்துவதை 2020-இல் வெளியான மனித ஆய்வு உறுதிசெய்தது. இந்தியாவில் காப்புரிமை முடிந்து, விலையும் சரிந்தது.

ஆவாரம்பூ அத்தகைய சோதனையைக் கடக்கவில்லை. போகட்டும், அது ஆவாரம்பூவாக இருக்கும்வரை கவலை குறைவு. பெயரறியாப் பொடிகளின் கதை வேறு: ஆடுதீண்டாப்பாளையிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தையே அழிக்கும். பொடிக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை ஆண்டுதோறும் சிறுநீர் ஆல்புமின் பரிசோதனைக்கு ஒதுக்குவதே லாபம்.