பாகூர் ஏரிக்கரை: கல்லும் வேரும்

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. அந்த நீரைத் தாங்கி நிற்கும் கரை மண்ணால் ஆனது. கரைச்சரிவைக் குலைப்பது மேலே ஓடும் வண்டிகளின் பாரம் மட்டும் அன்று; மண்ணுக்குள் ஊறி, வெளியேற வழியின்றித் தேங்கும் நீரே பெரும்பகை. ஏரிகளின் நீர்ப்பக்கச் சரிவில் அலைகற்களைச் சாந்தின்றி அடுக்கும் பழைய முறையின் அருமை இங்கேதான் விளங்கும். ஏரி வடியும்போது ஊறிய நீர் கல்லிடுக்கு வழியே கசிந்துவிடும். கான்கிரீட் சுவர் இன்னும் உறுதியல்லவா? உறுதிதான், ஆனால் வடிதுளை இல்லாவிட்டால் பின்னே தேங்கும் நீர் அந்தச் சுவரையே தள்ளும்.

மரவேர் கரையைப் பிளக்கும் என்ற அச்சமும் நியாயமானதே. பருத்த வேர் மட்கினால் அந்தப் பொந்தில் நீர் புகுந்து மண்ணை அரிக்கும். ஆனால் பனைக்கும் வெட்டிவேருக்கும் அப்படிப் பருத்த வேர் இல்லை, சல்லிவேர்தான். அதிலும் வெட்டிவேர் 3 மீட்டர் ஆழம்வரை இறங்கி மண்ணைப் பின்னிப் பிடிக்கும்.