ஜெருசலேமைப் பிடித்த மறுநாள்

போப்பாண்டவரின் தயவைச் சம்பாதிக்கும் வழிகளைச் சென்ற வாரம் பார்த்தோம். தயவு கிடைத்து, ஜெருசலேம் மீது சிலுவைப்போரும் அறிவிக்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2006இல் வெளிவந்த ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ விளையாட்டில் இந்தக் கட்டம் வந்ததும் பலர் தங்கள் சிறந்த தளபதியிடம் கனத்த குதிரைப்படையைக் கொடுத்துக் கிழக்கே அனுப்பிவிடுகிறார்கள். இது பாதி வேலைதான். நகரைப் பிடிக்க விளையாட்டின் விதிகளே கைகொடுக்கும்; திட்டம் தேவைப்படுவது பிடித்த மறுநாளுக்கு.

தளபதியையும் சேர்த்து எட்டு அணிகள் இருந்தால் ஒரு படை சிலுவை ஏந்தலாம். ஏந்தியதும் பராமரிப்புச் செலவு நின்றுவிடும். நடை வேகம் கூடும். சிலுவைப்போருக்கென்றே உள்ள கூலிப்படையினர் வழியில் கிடைப்பார்கள். ஆகவே ஊரிலிருந்து உயர்ந்த படையை இழுத்துப் போவது வீண். சாதாரண ஈட்டிக்காரர்களோடு கிளம்பி, மற்றவர்களை வழியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் போர் முடிந்ததும் சலுகைகளும் முடிகின்றன. சம்பளப் பட்டியல் ஒரே சுற்றில் ஏறும். மக்கள் வேறு மதத்தவர், தலைநகரோ வெகுதூரம், கலகம் எழும். எகிப்தும் சும்மா இருக்காது.

வரலாற்றிலும் இதுதான் நடந்தது. 1099 ஜூலை 15 அன்று நகர் விழுந்தபின், நேர்த்திக்கடன் தீர்ந்ததென்று பெரும்பாலோர் ஊர் திரும்பினர். எஞ்சிய குதிரைவீரர்கள் சுமார் 300 பேர். அரசு பிழைத்தது துறைமுகங்களால். ஜெனோவா கப்பல்களின் துணையோடு 1104இல் ஆக்கரும், வெனிஸ் கடற்படையின் துணையோடு 1124இல் டயரும் கைக்கு வந்தன. 1192இல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் ஜெருசலேமை நெருங்கியும் திரும்பிவிட்டதைக் கோழைத்தனம் என்பவர் உண்டு. பிடித்தாலும் காக்க ஆளிருக்காது என்று கணக்குப் போட்டவர் அவர்.

எனவே சிலுவை ஏந்தாத இரண்டாவது படை ஒன்றை, பாதிரியார்கள் இருவரோடு, கப்பலில் ஆக்கருக்கு அனுப்புங்கள். அதைச் சிலுவைப்படையே பிடிக்கலாமே என்றால், இலக்கை நோக்கி நகராமல் வழியில் முற்றுகையிட்டு உட்கார்ந்தால் அதன் ஆட்கள் கலையத் தொடங்குவார்கள். இரண்டு படைக்குப் பணம்? முதல் படைக்குத்தான் செலவே இல்லையே; அந்த மிச்சம் இரண்டாவதற்கு.

பிடித்த நகரைப் போப்பாண்டவருக்கே கொடுத்துவிடலாம் என்பது கெட்டிக்கார யோசனை, நல்லுறவும் வளரும். ஆனால் நெடிய ஆட்டத்தில் இங்கிலாந்தாக ஆடுபவர் வெல்ல ஜெருசலேம் அவர் வசம் இருந்தாக வேண்டும். நகரத்தாரைக் கொன்றுவிட்டால் கலகமே இராது என்பார்கள் சிலர். விளையாட்டு அந்தப் பொத்தானையும் தருகிறது. பார்க்கவே கூசும் பொத்தான். 1099இல் நிஜமாகவே படுகொலை நடந்தது. பின்னர் ஜெருசலேம் மன்னர் முதலாம் பால்ட்வின், ஊரை நிரப்ப ஆளில்லாமல், யோர்தானுக்கு அப்பாலிருந்து கிறிஸ்தவக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்ற வேண்டியிருந்தது. விளையாட்டிலும் மக்கள்தொகை சரிந்தால் வரி சரியும். அமைதியாகக் குடியேறும் முதல் வாய்ப்பையே தேர்ந்தெடுங்கள். வரியைக் குறைத்துச் சில சுற்றுகள் பொறுத்திருங்கள்.

ஆக்கர் கையில் இருக்கட்டும். கிழக்கிலிருந்து மங்கோலியர் வரும்போது அது எப்படி உதவும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.