சுமை குறைத்து நடந்தோர்

மனிதன் வாழ்நாள் முழுவதும் தேடிச் சேர்க்கும் பொருள்களுள் எத்தனை அவனுக்கு உண்மையில் வேண்டியவை? இதனை அறிவதற்கு அறநூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் ஒருவரின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாற் போதும். மாற்றுடை ஒன்று, விரித்துப் படுக்க ஒரு சாக்கு, தண்ணீர் கொள்ளும் பாத்திரம், சிறிது அரிசி, கற்பூரம், திருநீறு. அவ்வளவே.

கதிர்காமம் இன்று மொனராகலை மாவட்டத்தில் அடங்கியது. ஊவா மலைச்சாரலிற் பிறந்து வரும் மாணிக்க கங்கை அதன் வாயிலைத் தொட்டுக்கொண்டு கடலை நோக்கி ஓடுகின்றது. யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கீழைக் கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து உகந்தையை அடைகின்றனர். அதற்கப்பால் குமணையும் யாலக் காடும். வனவிலங்குத் திணைக்களம் ஆண்டிற் சில நாள்களுக்கு மட்டுமே அக்காட்டுப் பாதையைத் திறந்து விடுகின்றது. பதுளை, பண்டாரவளைப் பகுதித் தோட்டத்து அடியார்களுக்கோ வேறு வழியுண்டு. மலையிறங்கி வெல்லவாய, புத்தலை வழியாகக் காட்டுச் சாலையில் அவர்கள் நடப்பர். யானைகள் வழிமறித்து நிற்கும் சாலை அது.

இந்த நடைக்கு நீண்ட வரலாறு உண்டு. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வூல்ஃப் என்னும் ஆங்கிலேயர், 1910 ஆம் ஆண்டு ஆடி விழாவின்போது கதிர்காமத்தில் தங்கி யாத்திரீகர் கூட்டத்தை மேற்பார்வை செய்தார். கொள்ளை நோய்க்கு அஞ்சிய அரசாங்கத்துக்கு யாத்திரை என்பது அடக்கி ஆள வேண்டியதொரு காரியமாகவே தோன்றிற்று. அதே ஆண்டில், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளும் கால்நடையாகக் கதிர்காமம் சென்றதாக அவர் சரிதை கூறும். நீர்ப்பாசனப் பகுதியிற் களஞ்சியக் காப்பாளராக ஊதியம் பெற்றிருந்த அவர், அதனை உதறிவிட்டுச் செல்லப்பா சுவாமிகளின் பின்னே சென்றவர். 1964 இல் மறையும்வரை கொழும்புத்துறையில் ஒரு சிறு குடிலே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

அவரை நாடி வந்தோருள் ஜெர்மானியர் ஒருவரும் இருந்தார். பௌத்த துறவியாக இலங்கைக்கு வந்து, பின்னர் கௌரிபாலா என்னும் பெயர் பூண்ட அவரை மக்கள் ‘ஜெர்மன் சுவாமி’ என்றே அழைத்தனர். செல்வச் சந்நிதிக்கு அருகில் வாழ்ந்து, ஆண்டுதோறும் நடப்போருடன் தாமும் நடந்தார். 1984 இல் மறைந்தார். 1983 ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் தடைப்பட்ட பாதயாத்திரையை 1988 இல் மீண்டும் தொடக்கி வைப்பதில் முன்னின்றவர், பாட்ரிக் ஹாரிகன் என்னும் அமெரிக்கர். உலகின் செல்வ நாடுகளிற் பிறந்தோர் நம்முடைய பழைய வழியைத் தேடி வந்து நடந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கதே.

ஆயினும், இவ்விடத்தில் ஊவாவில் வாழும் என்னை ஒரு கேள்வி விடாது தொடர்கின்றது. எளிமையைப் புகழ்வது நமக்கு எளிது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிற் குடும்பத்தோடு வாழ்பவரிடம் போய், ‘குறைத்துக்கொள்’ என்று சொல்ல நமக்கு என்ன அருகதை? அவருடைய முன்னோரும் நடந்தவர்களே. மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரையில் காட்டு வழியே அவர்கள் நடந்தார்கள். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே வீழ்ந்தவர் பலர். அந்த நடையை யாரும் யாத்திரை என்று பாடவில்லை. நெடுங்காலப் போராட்டத்தின் பின்னர், 2021 இலே தான் அவர்தம் சந்ததியாரின் நாட்கூலி ஆயிரம் ரூபாயாயிற்று. பசியும் நடையும் ஒருவர்மேற் சுமத்தப்படும்போது அது வறுமை. தாமே மேற்கொள்ளும்போது தான் அது எளிமை.

சில ஆண்டுகளுக்கு முன் புத்தலைச் சாலையில் நடந்தபோது இதனை எனக்கு விளக்கியவர், கொழுந்தெடுத்து ஓய்ந்த ஒரு மூதாட்டி. உப்பும் மிளகாயும் கூட்டிய சோற்றைப் பகிர்ந்துண்ட வேளையில், “இந்தச் சாப்பாடு உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா, அம்மா?” என்று கேட்டேன்.

“வீட்டுலயும் இதத்தானே சாமி திங்கிறோம்,” என்று சிரித்தார். “ஆனா இங்க எம் மூட்டைய நிறுத்துப் பாக்க ஆளு கிடையாது. நிக்கணும்னா நிக்கிறேன். நடக்கணும்னா நடக்கிறேன்.”

நாடோறும் தம் கூடையைத் தராசில் வைத்து, இன்னும் எத்தனை கிலோ குறைகின்றது என்று பிறர் சொல்லக் கேட்டே வாழ்ந்தவர் அவர். அவருக்கு அந்தச் சில நாள்கள் தவமாக மட்டும் இருக்கவில்லை. தம் காலுக்குத் தாமே எசமானியாய் இருந்த நாள்களாகவும் இருந்தன. அவ்வழியில் அனைவரும் ‘சாமி’களே. தோட்டத்து ஆளும், பட்டணத்து உத்தியோகத்தரும், அயல்நாட்டாரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டு, ஒரே மரத்தடியில் உறங்குகின்றனர்.

அந்நடைக்குப் பின்னர் எதை வாங்க நேர்ந்தாலும், ‘இதனை வெயிலில் பத்துக் கட்டை தூரம் சுமப்பேனா?’ என்று என்னையே கேட்டுக்கொள்ளும் வழக்கம் எனக்கு உண்டாயிற்று. மிச்சமாகும் பணம் அடுத்த பயணத்துக்கு உதவுகின்றது. இது பெரிய துறவன்று. எவரும் கைக்கொள்ளத்தக்க சிறு கணக்கு.

ஆனால், அக்கணக்குக்கு மற்றொரு பக்கமும் உண்டு. குறைத்துக்கொள்ளும் உரிமை, போதுமான அளவு உள்ளவனுக்கே வாய்ப்பது. ஆகவே, நம் மூட்டையை நாம் இலேசாக்கிக் கொள்வதோடு கடமை முடிந்துவிடாது. பக்கத்தில் நடப்பவர் முதுகில் பிறர் ஏற்றி வைத்த சுமையையும் இறக்கி வைக்கக் கை கொடுக்க வேண்டும். கதிர்காமத்துப் பாதையில் எவரும் தனியே நடப்பதில்லை அன்றோ?