பத்தி சிறிது, முடிவு பெரிது

பட்டம் பெற்றும் பணி கிட்டாமல், ஒரு தேர்வு முடிந்த கையோடு மறு தேர்வுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு இன்று நம் ஊர்களில் அரிது. குடிமைப் பணித் தேர்வு, வங்கித் தேர்வு, காப்பீட்டுக் கழகத் தேர்வு என அவர்கள் எழுதும் தேர்வுகள் பல. அவற்றுள் வரும் ஒருவகை வினா பெற்றோர் பலருக்குப் புதியது. விலைவாசி, வேலையின்மை, கல்வி, உழவு, மக்கள்தொகை என ஏதேனும் ஒன்றைப் பற்றி ஏழெட்டு வரிகளில் ஒரு பத்தி இருக்கும். அதன் கீழே சில கூற்றுகள் நிற்கும். இப்பத்தியிலிருந்து தருக்க முறைப்படி பெறத்தக்க முடிவு எது என்பதே வினா.

குடிமைப் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் 2011-ஆம் ஆண்டு முதல் இதற்கு இடமளிக்கும் தனித் தாள் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம், 80 வினாக்கள், 200 மதிப்பெண்கள். 2015 முதல் இத்தாளில் நூற்றுக்கு 33 வீதம் பெற்றால் போதும்; ஆயினும் அது கிட்டாதவர் அடுத்த நிலைக்குத் தகுதி பெறுவதில்லை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் அவ்வினாவின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுகிறது. எனவே தமிழில் பயின்ற பிள்ளைக்கு மொழி ஒரு சுமை, தருக்கம் மறு சுமை. மொழிச் சுமையை இறக்கிவைக்க நம்மால் இயலாது போகலாம். தருக்கச் சுமையை வீட்டிலிருந்தே குறைக்கலாம். அதற்குரிய வழியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கலை நமக்குப் புதியதன்று. மலையில் புகை கண்டு அங்கு நெருப்புண்டு என்று துணிவதை நம் முன்னோர் அனுமானம் என்றனர். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அளவை நூலின் நுட்பங்களை மணிமேகலைக்கு விரித்துரைக்கிறார். மேலைநாட்டில் அரிஸ்டாட்டில் வகுத்த விதிகள் குருமடங்களில் இன்றும் மெய்யியல் பாடத்தின் ஒரு பகுதியாக விளங்குகின்றன. விதிகள் பழையன, அவற்றை வைத்துச் சோதிக்கும் செய்திகளே புதியன.

ஐந்து விடைகள்

வங்கி அலுவலர் தேர்வுகளில் நெடுங்காலம் வழங்கிய முறை ஒன்று உண்டு. பத்தியைத் தந்து, கூற்று ஒவ்வொன்றையும் ஐந்தில் ஒரு தட்டில் வைக்கச் சொல்வர்: உறுதியாக உண்மை, அநேகமாக உண்மை, தரவு போதாது, அநேகமாகப் பொய், உறுதியாகப் பொய். இவற்றுள் நம் பிள்ளைகள் மிகுதியாகத் தவறுவது நடுத்தட்டில்தான். “தரவு போதாது” என்று சொல்ல அவர்களுக்கு மனம் துணிவதில்லை. தெரியாது என்று சொல்வதை இழிவாகக் கருதும் பழக்கம் நம் அனைவரிடமும் வேரூன்றியுள்ளது. மேலும், உலகறிவு மிகுந்த பிள்ளையே இங்கு எளிதில் இடறுகிறான். பத்தி சொல்லாததையும் தான் அறிந்ததைக் கொண்டு நிரப்பிவிடுகிறான். வினா கேட்பது உலகில் எது உண்மை என்பதை அன்று; இந்தப் பத்தியிலிருந்து எது பெறப்படும் என்பதையே. இவ்வேறுபாடு தெளிந்தால் பாதி வழி கடந்தாயிற்று.

இனி நான்கு பத்திகளைப் பார்ப்போம்.

முதற் பத்தி: விலைவாசி

“சென்ற ஆண்டு பொருள்களின் விலை பொதுவாக நூற்றுக்கு 10 வீதம் உயர்ந்தது. இவ்வாண்டு அவ்வுயர்வு நூற்றுக்கு 5 வீதமாகத் தணிந்தது.”

“இவ்வாண்டு விலைவாசி இறங்கியது” என்பது கூற்று. பலர் இதனை உண்மை என்பர். கணக்கிட்டுப் பாருங்கள். முன்பு 100 ரூபாய்க்கு வாங்கிய பொருள் சென்ற ஆண்டு 110 ரூபாய். இவ்வாண்டு 115 ரூபாய் 50 காசு. தணிந்தது உயர்வின் வேகம். விலையோ ஏறியே நிற்கிறது. ஆகவே கூற்று உறுதியாகப் பொய். “மக்களின் வாழ்க்கை நலிந்தது” என்பது மற்றொரு கூற்று. கூலி உயர்ந்ததா இல்லையா என்று பத்தி சொல்லவில்லை. எனவே தரவு போதாது. பணவீக்கம் தணிந்தது என்னும் தலைப்புச் செய்தியைக் கண்டு, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு இவ்வாண்டு ஊதியம் கூட்டத் தேவையில்லை என்று முடிவு கட்டுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

இரண்டாம் பத்தி: சராசரி

“பத்துக் குடும்பங்கள் உள்ள ஒரு சிற்றூரில் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 20,000 ரூபாய்.”

“பெரும்பாலான குடும்பங்களின் வருமானம் 20,000 ரூபாயை ஒட்டியது” என்பது கூற்று. ஒன்பது குடும்பங்கள் தலைக்கு 6,000 ரூபாயும் பத்தாம் குடும்பம் 1,46,000 ரூபாயும் ஈட்டினாலும் மொத்தம் 2,00,000, சராசரி 20,000. எல்லாரும் சமமாக ஈட்டினாலும் அதே சராசரிதான். எனவே தரவு போதாது. எனினும் இப்பத்தியிலிருந்து உறுதியாகப் பெறத்தக்க முடிவு ஒன்று உண்டு: குறைந்தது ஒரு குடும்பமேனும் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ஈட்டுகிறது. அனைவரும் அதற்குக் கீழே இருந்தால் சராசரி 20,000-ஐ எட்டாது. பத்தி எவ்வளவு குறைவாகச் சொன்னாலும், அக்குறைவிலிருந்தும் உறுதியான ஒன்றைப் பிரித்தெடுக்கலாம் என்பதற்கு இது சான்று.

மூன்றாம் பத்தி: காரணமும் காரியமும்

“ஒரு பள்ளியில் காலை உணவு வழங்கத் தொடங்கிய ஆண்டில் மாணவர் வருகை கூடியது. அதே ஆண்டில் அவ்வூருக்கு முதன்முறையாகப் பேருந்தும் வந்தது.”

“உணவினாலேயே வருகை கூடியது” என்பது கூற்று. உணவின் நன்மையை அறிந்த நாம் உடனே தலையசைப்போம். தமிழகத்தில் 1956-இல் காமராசர் ஆட்சியில் பரவலான மதிய உணவையும், 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவையும் அறிந்தோருக்கு அது இயல்பே. ஆயினும் இப்பத்தியில் காரணங்கள் இரண்டு நிற்கின்றன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து உதவியிருக்கலாம். “உணவினாலேயே” என்னும் ஏகாரந்தான் இங்குத் தடைக்கல். அதனைத் துணிவதற்கு, பேருந்து வந்தும் உணவு வழங்காத பள்ளிகளையும், உணவு வழங்கியும் பேருந்து வராத பள்ளிகளையும் ஒப்புநோக்க வேண்டும். நல்ல திட்டத்திற்குத் தவறான தருக்கத்தால் வாதாடினால், எதிர்வாதி ஒரே வினாவில் அதனை வீழ்த்திவிடுவான்.

நான்காம் பத்தி: பஞ்சம்

இது வரலாறு தந்த பத்தி. “1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரவு நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் வங்காளத்தைப் புயல் தாக்கிப் பயிரை அழித்தது. 1943-இல் அங்கே பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.” மாண்டோர் தொகை 15 இலட்சம் முதல் 30 இலட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது.

“நாட்டில் உணவு இல்லாமற் போனதே சாவுக்குக் காரணம்” என்று நம்மில் யார்தாம் சொல்லமாட்டார்? பொருளியலறிஞர் அமர்த்திய சென் 1981-இல் வெளியிட்ட நூலில் இம்முடிவை ஆராய்ந்தார். அவர் கணக்கின்படி 1943-இல் கிடைத்த உணவு, முந்திய ஐந்தாண்டுச் சராசரியினும் ஏறத்தாழ நூற்றுக்கு 5 வீதமே குறைவு. 1941-இல் இருந்ததைவிட 13 வீதம் மிகுதி. அந்த 1941-இல் பஞ்சம் இல்லை. போர்க்காலச் செலவால் அரிசி விலை பன்மடங்கு ஏறியது; உழவுக் கூலியாட்களின் கூலி அவ்வாறு ஏறவில்லை. உணவு இருந்தும் அதனை வாங்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லாது போயிற்று. கூலியாட்களும் மீனவரும் மிகுதியாக மடிய, கல்கத்தா நகரின் பணியாளர் பலருக்கு மலிவு விலை அரிசி கிடைத்தது. சென்னின் கணக்கை மறுத்துரைத்த ஆய்வாளரும் உளர். ஆயினும் அவர் எழுப்பிய வினா நிலைத்துவிட்டது: உணவு உண்டு என்பதிலிருந்து அனைவர்க்கும் உணவு உண்டு என்று பெறப்படுமா? பெறப்படாது. தவறான முடிவைக் கொண்ட அரசு விளைச்சல் புள்ளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்; கூலியும் விலையும் விலகிச் செல்வதைக் காணத் தவறும். இங்கு ஒரு தவறான விடைக்குக் கழிக்கப்படுவது மதிப்பெண் அன்று, மனித உயிர்.

வீட்டில் ஒரு பயிற்சி

இதற்குப் பயிற்சி நிலையமும் பெரும் பொருளும் வேண்டியதில்லை. இரவுணவுக்குப் பின் நாளிதழில் ஒரு சிறு செய்தியைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். பின்னர் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இச்செய்தி சொன்னது எது? சொல்லாதது எது? “எல்லாரும்”, “சிலர்”, “பெரும்பாலோர்”, “மட்டுமே” என்னும் சொற்கள் எங்கெங்கு நிற்கின்றன? “சிலர்” என்று படித்ததை “எல்லாரும்” என்று வாங்கிக்கொள்வதே பிழைகளுள் தலையாயது. “குற்ற வழக்குகள் பெருகின” என்ற செய்தி வந்தால், குற்றம் பெருகிற்றா, அன்றிக் காவல் நிலையத்தில் அஞ்சாமல் முறையிடுவோர் பெருகினரா என்று கேளுங்கள். திங்கள் மூன்று செல்லுமுன் பிள்ளையின் படிப்பில் மாற்றம் தெரியும். பெற்றோரின் பேச்சிலும் தெரியும்.

ஏனெனில் நாமும் நாள்தோறும் தேர்வு எழுதுபவர்களே. உதவி நாடி ஒரு தாய் வாயிலில் நிற்கிறாள். அவள் கணவன் குடிக்கிறான், வீட்டில் வறுமை. இவ்விரண்டு வரிகளே நமக்குத் தெரிந்த பத்தி. “குடியால்தான் வறுமை, நாம் கொடுப்பதும் குடிக்கே போகும்” என்று தெருவே தீர்ப்பெழுதிவிடுகிறது. குடி வறுமையை விளைத்ததா, வேலையிழப்பு இரண்டையும் விளைத்ததா என்று பத்தி சொல்லவில்லை. கொடுக்கும் அரிசி யார் கைக்குப் போகும் என்றும் அது சொல்லவில்லை. தரவு போதாது. தரவு போதாதபோது தேர்வெழுதும் பிள்ளை அத்தட்டில் குறியிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லலாம். நமக்கோ அந்த உரிமை இல்லை. நாம் அவ்வீடு வரை நடந்து சென்று, குறைந்த தரவை நிறைவு செய்துகொண்டு, அதன்பின் முடிவு சொல்லக் கடமைப்பட்டவர்கள்.