வேண்டாம் என்ற கிருஷ்ணன்

புல்தரை நாயகர்கள் – 7

1954-ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வென்ற பதினேழு வயது ராமநாதன் கிருஷ்ணனைப் போன வாரம் பார்த்தோம். அப்பா டி.கே. ராமநாதன்தான் குரு. மகனுக்கு அவர் கொடுத்தது பலத்தை அல்ல, பந்தை நினைத்த இடத்தில் வைக்கும் கையை.

கிருஷ்ணனின் சர்வீஸைக் கண்டு எந்த எதிராளியும் அஞ்சியதில்லை. அவ்வளவு மென்மையானது. பந்து திரும்பி வந்த பிறகுதான் அவருடைய ஆட்டமே தொடங்கும். எதிராளி வலையை நோக்கி ஓடிவந்தால் அவர் காலடியில் பந்து தாழ்ந்து விழும். ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கக் கோட்டை உரசிப் போகும். எதிராளியின் வேகத்தையே வாங்கி அவருக்கே திருப்பிக் கொடுக்கும் ஆட்டம் அது. 1961 விம்பிள்டன் காலிறுதியில் ராய் எமர்சனையே நேர் செட்களில் வீழ்த்தினார். 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் அரையிறுதி வரை போனார். முதலில் நீல் ஃப்ரேசரிடமும், மறு ஆண்டு ராட் லேவரிடமும் தோற்றார். இருவருமே அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். 1962-ல் நான்காம் தரவரிசை கொடுத்தார்கள். கணுக்கால் காயம் பாதியில் நிறுத்திவிட்டது.

அந்தக் காலத்தில் விம்பிள்டனில் ஜெயித்தாலும் பரிசுப் பணம் கிடையாது. பணத்துக்கு ஆடுபவர்களுக்கு அங்கே இடமே இல்லை. டேவிஸ் கோப்பையிலும் இல்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஒப்பந்தம் செய்து ஊர் ஊராக அழைத்துப்போய் ஆடவைத்தவர் ஜாக் கிராமர். அவர் கிருஷ்ணனையும் கேட்டார். மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர். அன்றைக்கு ஒரு சென்னைக் குடும்பத்துக்கு அது தலைமுறைக்கான சொத்து. கிருஷ்ணன் வேண்டாம் என்றார்.

இதைத் தியாகம் என்று சொல்பவர்கள் உண்டு. தனக்கு எது பிடிக்கும் என்பதைத் தெளிவாக அறிந்த ஒருவரின் முடிவாகவே எனக்குப் படுகிறது. நாட்டுக்காக ஆடும்போது அவருடைய நிதானம் இன்னும் ஒரு படி இறுகும்.

1966 டிசம்பர், கல்கத்தா சவுத் கிளப். டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் 2–2. கடைசி ஆட்டத்தில் 29 வயதுக் கிருஷ்ணனுக்கு எதிரே இடதுகை இளைஞர் தாமஸ் கோக். இரண்டு செட் கோக்குக்கு, ஒன்று கிருஷ்ணனுக்கு. நான்காவது செட்டில் கோக் 5–2 என முன்னிலை. இன்னும் ஒரே ஒரு கேம் போனால் எல்லாம் முடிந்தது. கிருஷ்ணன் வேகத்தைக் கூட்டவில்லை, ஆட்டத்தை மாற்றவும் இல்லை. பந்தைத் திரும்பத் திரும்ப எட்டாத இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தார். தொடர்ந்து ஐந்து கேம்கள் அவருக்கு: 7–5. கடைசி செட் 6–2. இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்குப் போனது.

மெல்போர்னில் ஆஸ்திரேலியா 4–1 என்று ஜெயித்தது. இந்தியாவின் அந்த ஒற்றை வெற்றி இரட்டையரில் வந்தது. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியாவும் வீழ்த்தியது ஜான் நியூகோம்ப் – டோனி ரோச் ஜோடியை. கிராமரின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த டிசம்பரில் இந்த இரண்டு ஊர்களிலும் அவரால் மட்டையையே எடுத்திருக்க முடியாது.

அவர் மகன் ரமேஷ் 1979-ல் அதே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)