கோழிகள் கற்பித்த பாடம்

நம்மிடம் கற்கும் மாணவன் ஒருவன் துணுக்குகள் எழுதிச் சேர்க்கும் குறிப்பேடு ஒன்று வைத்திருக்கின்றான். ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் மனிதனின் குறுங்கழுத்திலும் இருக்கும் எலும்புகள் ஏழே. கணவாய்க்கு இருதயங்கள் மூன்று, அதன் குருதியோ நீலநிறம். இவை போன்ற செய்திகள் அதில் நூற்றுக்கு மேல் உள்ளன. அண்மையில் அவனுடைய தந்தையார் நம்மைக் கண்டு, "மாஸ்டர், பரீட்சைக்கு உதவாத இந்தக் குப்பைகளை எழுதிப் பொழுதைப் போக்குகின்றான். நீங்கள்தான் புத்தி சொல்லவேண்டும்" என்றார். புத்தி சொல்ல நாமும் இசைந்தோம், ஆனால் மகனுக்கன்று. அன்று அவருக்குக் கூறிய வரலாற்றை இன்று வாசக நேயர்களுக்கும் கூறுகின்றோம். இதுவும் ஒரு துணுக்குத்தான். ஆயினும் எண்ணிறந்த உயிர்களைக் காத்த துணுக்கு.

நொண்டிய கோழிகள்

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, அரிசியுண்ணும் கீழைநாடுகளிற் பெரிபெரி என்னும் நோய் பேரழிவு செய்தது. கால்கள் வலுவிழக்கும், உடல் வீங்கும், ஈற்றில் இருதயம் ஓயும். சிங்களத்தில் 'இயலாது' எனப் பொருள்படும் சொல்லே இரட்டித்து இந்நோய்க்குப் பெயராயிற்று என்பர். அக்காலத்திற் கிருமிகளே நோய்களுக்குக் காரணமென்னும் கொள்கை புதிதாக வெற்றிபெற்றிருந்தது. ஆதலால் பெரிபெரிக்கும் ஒரு கிருமி இருத்தல் வேண்டுமென எண்ணி, அதனைத் தேடுதற்கு ஒல்லாந்து அரசினர் 1886ஆம் ஆண்டில் யாவாத் தீவுக்கு அனுப்பிய குழுவில், கிறித்தியான் ஐக்மன் என்னும் இளம் வைத்தியரும் இருந்தார்.

பத்தாவியா நகரில் இராணுவ வைத்தியசாலையை அடுத்திருந்தது அவருடைய ஆய்வுகூடம். 1889ஆம் ஆண்டில் அங்கு வளர்த்த கோழிகள் திடீரெனக் கால் தள்ளாடி நடக்கமாட்டாது வீழ்ந்தன. அந்நோய் பெரிபெரியை ஒத்திருக்கக் கண்ட ஐக்மன் கிருமியைத் தேடினார், கிடைத்திலது. சில மாதங்களின் பின் நோய் வந்தவாறே மறைந்தது. கோழிகள் எழுந்து நடந்தன.

காரணத்தை ஆராய்ந்தபோது வெளிப்பட்டது சமையலறைச் செய்தியொன்று. கோழிகளைக் காப்பவன், செலவைக் குறைக்கும்பொருட்டு, வைத்தியசாலையில் எஞ்சிய வெண்சோற்றை வாங்கிக் கோழிகளுக்கு இட்டுவந்தான். பின்னர் அங்கு புதிய சமையற்காரர் ஒருவர் வந்தார். இராணுவத்தின் சோற்றை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுத்தல் தகாதென அவர் மறுத்துவிட்டார். கோழிகள் தவிடு நீங்காத மலிந்த அரிசிக்குத் திரும்பின, நோயும் நீங்கிற்று. அச்சமையற்காரரின் பெயரை எவரும் எழுதிவைத்திலர். அவருடைய கண்டிப்போ விஞ்ஞான வரலாற்றில் நிலைத்துவிட்டது.

சிறைச்சாலையிற் சோதனை

கோழிக்கு நிகழ்வது மனிதருக்கும் நிகழுமோ? ஐக்மனின் நண்பர் வோர்டர்மான் யாவாவிலே சிறைச்சாலைகளை மேற்பார்க்கும் வைத்திய அதிகாரி. அவர் 1896-97ஆம் ஆண்டுகளில் 101 சிறைச்சாலைகளின் கணக்கை எடுத்தார். தீட்டிய வெள்ளையரிசி உண்ட இடங்களிற் கைதிகள் 39 பேருக்கு ஒருவர் பெரிபெரியுற்றனர். தவிடு நீங்காத அரிசி உண்ட இடங்களிலோ 10,000 பேருக்கு ஒருவரே.

இதனினும் வியப்பான செய்தியொன்று உண்டு. வெள்ளைச் சோற்றில் நஞ்சு உண்டெனவும், தவிட்டில் அதற்கு மாற்றுமருந்து உண்டெனவும் ஐக்மன் கருதினார். அது பிழை. அவருடைய பணியைத் தொடர்ந்த கிறைன்ஸ் என்பவரே, சோற்றில் இருப்பதொன்றன்று, இல்லாததொன்றே நோய்க்குக் காரணமென 1901இல் எடுத்துரைத்தார். யப்பானியக் கடற்படை வைத்தியர் தக்காகியும் இவ்வாறே பிழையான காரணத்தால் நல்ல முடிவு கண்டவர். கப்பலொன்றில் 376 மாலுமிகளுள் 169 பேர் நோயுற்று 25 பேர் மாண்டதைக் கண்ட அவர், 1884இல் மற்றொரு கப்பலை உணவை மாற்றி அதே வழியில் அனுப்பினார். பெரிபெரியால் ஒருவரேனும் இறந்திலர். புரதக் குறைவே காரணமென்று அவர் எண்ணினார். எனினும் கடற்படை பிழைத்தது. அவர் சொல்லைக் கேளாத தரைப்படையோ 1904-05ஆம் ஆண்டு உருசியப் போரிற் பெரிபெரிக்கு இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட வீரரைப் பலிகொடுத்தது. ஓர் உண்மையை ஏற்க மறுத்ததன் விலை அது.

புழுங்கலரிசியின் புகழ்

இவ்வரலாற்றில் நம்மவருக்கும் ஓரிடம் உண்டு. மலாயாவிலே சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் தீட்டிய பச்சையரிசி உண்டு பெரிபெரியால் மடிந்தனர். அதே நாட்டிற் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரிதும் அணுகவில்லை. இவ்வேறுபாட்டை வைத்தியர் பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார்.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமியை அடுத்த படையிலுள்ள சத்து நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே சென்று தங்குகின்றது. பின்னர் ஆலை தவிட்டை நீக்கினும் சத்து முழுதும் போவதில்லை. நம் முன்னோர் இதனை அறிந்தே நெல்லைப் புழுக்கினர் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது. உமி எளிதில் நீங்கும், குத்தும்போது அரிசி குறைவாக நொறுங்கும் என்பனவே அவர் கண்ட பயன்கள். காரணம் அறியாமலே காத்துவந்த வழக்கம் அவர்களைக் காத்தது.

அச்சத்தைத் தேடி அறிஞர் பலர் உழைத்தனர். 1912இற் கசிமீர் பங்க் இவ்வகைப் பொருள்களுக்கு 'விற்றமின்' என்னும் பெயரைத் தந்தார். 1926இல் யான்சன், டொனாத் என்னும் இருவர் அதே பத்தாவியாவில் அரிசித் தவிட்டிலிருந்து அதனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தனர். 1929இல் ஐக்மன் நொபெல் பரிசு பெற்றார். நோயுற்றிருந்தமையால் விழாவுக்குச் செல்ல அவரால் இயலவில்லை. 1936இல் அமெரிக்க அறிஞர் வில்லியம்ஸ் அதனை ஆய்வுகூடத்திலேயே ஆக்கிக் காட்டினார். இதுவே இன்று நாம் விற்றமின் பீ ஒன்று என்பது.

இல்லத்தரசியர் நோக்குக. இச்சத்து நீரிற் கரைவது. வெண்மை வரும்வரை அரிசியைப் பலமுறை கழுவினால் ஒரு பகுதி கழுநீரோடு போகும். வடித்த கஞ்சியைக் கொட்டினால் இன்னொரு பகுதி போகும். பருப்பும் பயறும் உடனுண்ணும் வீட்டில் அச்சமில்லை. எனினும் பெரிபெரி பழங்கதையாகிவிட்டதென எண்ணற்க. ஒரேவகை உணவையே உண்ண நேர்ந்த ஏழைகளையும், குடியில் மூழ்கி உணவை மறந்தோரையும் அது இன்றும் தேடிவருகின்றது.

இவ்வளவையும் கேட்ட தந்தையார் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "இந்தக் கோழிக் கதை பொடியனுடைய கொப்பியில் இருக்கிறதோ, மாஸ்டர்?" என்று வினவினார். இல்லையென்றோம்.

"அப்படியானால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார்.